மனசு விட்டுச் சொல்வது எப்படி: முதல் முறை சொல்லப்போகிறவர்களுக்கு

மாமா மகளின் வளைகாப்பு. வளையல் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா என் தோளைத் தொட்டுக் கேட்டார்: “ரிப்போர்ட்ல மாப்ளைக்குத்தான் குறைன்னு வந்திருக்காமே, நெசமா?” மெதுவாகக் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டார். சந்தனம் பூச வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த விஷயத்தை மூன்று வாரத்துக்கு முன்பு நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். என் சித்தி மகள். சின்ன வயதில் கோடை விடுமுறை முழுக்க ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று யார் கேட்டாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், அப்புறம் விடியும் வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கடைசியில் வேலை பார்க்கும் இடத்தில் ஓர் அக்காவிடம் சொன்னேன். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னேன். நாலு வருடம் ஆகிறது. வேறு யார் வாயிலிருந்தும் அது திரும்பி என் காதுக்கு வரவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு முறையும் சொன்னது ஒரே விஷயம். முதல் முறை தாங்க முடியாமல் கொட்டிவிட்டேன். இரண்டாவது முறை ஒரு மாதம் யோசித்து, தயாராகிச் சொன்னேன். அந்த ஒரு மாதத்தில் செய்தவற்றையும், பிறகு கற்றுக்கொண்டவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மனதில் இருப்பதை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

சொல்லாமல் இருந்தால் என்ன?

நம் பக்கத்தில் ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்களோடு வாழ்ந்த ஒரு கைம்பெண். நாலு பேரும் அவளை ஏசுவார்கள். சொல்லி அழ ஆளில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து வைத்து உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி. ஒருநாள் கால் போன போக்கில் நடந்து, கூரையில்லாத ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததையெல்லாம் சொல்கிறாள். சுவர் பாரம் தாங்காமல் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் குறைகிறது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகளைப் பற்றி, அதற்கடுத்ததிடம் இளைய மகனைப் பற்றி, கடைசிச் சுவரிடம் இளைய மருமகளைப் பற்றி. நாலும் விழுந்த பிறகு இடிபாட்டுக்கு நடுவே லேசாகி நிற்கிறாள். கேட்டது வெறும் சுவர்தான், ஆனாலும் அதற்கும் கனத்தது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். கேட்பவர் பக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரகசியங்களைப் பற்றியே ஆராயும் மைக்கேல் ஸ்லேப்பியன் என்பவரும் அவர் குழுவினரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் சராசரியாகப் 13 ரகசியங்களைச் சுமக்கிறார் என்றும், அதில் ஐந்து ஒருவரிடமும் சொல்லாதவை என்றும் அதில் வந்தது. அடுத்தவர் முன்னால் மறைக்கும் நேரம் குறைவுதானாம். தனியாக இருக்கும்போது மனம் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்பதுதான் அதிகமாக நடக்கிறது, வேதனை தருவதும் அதுதான். என் இரண்டு மணி விழிப்புக்கு அர்த்தம் இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

1. முதலில் தாளிடம் சொல்லுங்கள்

ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். பதினைந்து நிமிடம் எழுதுங்கள். எழுத்துப்பிழை, வாக்கியப்பிழை எதையும் பார்க்க வேண்டாம். நடந்ததையும் எழுதுங்கள், அது உங்களை என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். நாலு நாள் தொடர்ந்து செய்யுங்கள்.

பதினைந்து நிமிடம், நாலு நாள் என்பது நானாக வைத்த கணக்கு இல்லை. 1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கர், சான்ட்ரா பீல் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையின் கணக்கு அது. மனதைப் பாதித்த சம்பவத்தை, நடந்ததோடு உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்பைவிடக் கனத்துத்தான் போனது. அதனால் முதல் நாள் எழுதிவிட்டு அழுகை வந்தால், இது நமக்கு ஒத்துவராது என்று நிறுத்திவிடாதீர்கள்.

நான் எழுதியபோது மூன்றாம் நாள்தான் உண்மை வெளியே வந்தது. குழந்தை இல்லை என்பதுதான் என் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளில் வந்ததோ, “எனக்கு அவர் மேல் கோபம், அந்தக் கோபம் வந்ததற்காக என் மேலேயே வெறுப்பு” என்ற வரி. இதை எழுதாமல் யாரிடமாவது போயிருந்தால், டாக்டர், மாத்திரை, செலவு என்று பேசிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பியிருப்பேன்.

எழுதிய தாளைக் கிழித்துவிடுங்கள். ஆபீஸ் டைரியின் பின்பக்கம், பொதுவாக எல்லோரும் எடுக்கும் நோட்டு, வீட்டில் மூன்று பேர் கையில் மாறும் போன், இவற்றிலெல்லாம் எழுத வேண்டாம்.

2. இது உங்கள் ரகசியம் மட்டும்தானா?

இந்தக் கேள்வியைத்தான் நான் முதல் முறை கேட்டுக்கொள்ளவில்லை. பெரியம்மா கேட்டது ஊரெல்லாம் பரவியதில் எனக்கு வந்த வேதனையைவிட, என் கணவருக்கு வந்தது பெரிது. அந்த ரிப்போர்ட்டில் இருந்தது அவருடைய உடம்பைப் பற்றிய விஷயம். அதைச் சொல்ல எனக்கு மட்டும் உரிமை இருந்ததாக நான் எடுத்துக்கொண்டது தப்பு.

குடும்பத்து ரகசியங்கள் பெரும்பாலும் இப்படிப் பின்னிக்கொண்டுதான் இருக்கும். அண்ணனின் கடன், அம்மாவின் நோய், நம் காதலோடு சேர்ந்த இன்னொருவரின் பெயர். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது உண்மை. கொடுமைப்படுத்துகிறவரிடம் போய் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. மற்ற சமயங்களில் இரண்டு வழி உண்டு. ஒன்று, கேட்டுவிடுவது. இரண்டு, அவர்கள் பங்கை விட்டுவிட்டு நம் பங்கை மட்டும் சொல்வது.

இரண்டாம் முறை நான் வீட்டில் கேட்டேன். “எனக்கு யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கு, முடியல. ஆபீஸ்ல அந்த அக்காகிட்டச் சொல்லட்டுமா?” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சொல்லு. யாருக்குக் குறைங்கிறத மட்டும் சொல்லாத” என்றார். அதை மட்டும் சொல்லாமல்தான் சொன்னேன். அதனால் என் பாரம் குறைவது ஒன்றும் தடைபடவில்லை.

3. ஆளைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாலும் தகும். “உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது” என்று நம் வீடுகளில் பயமுறுத்தி வளர்ப்பதால், பலரும் ஒன்று யாரிடமும் சொல்வதில்லை, இல்லையென்றால் பக்கத்தில் கிடைத்தவரிடம் கொட்டிவிடுகிறோம்.

நெருக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சித்தி மகள் எனக்கு நெருக்கம்தான். இன்றும் அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அவளைச் சந்திக்கும் ஒவ்வொருவரும் என்னையும் அறிந்தவர்கள். அவள் அம்மா, என் பெரியம்மா, மாமா வீடு, கல்யாணம், காதுகுத்து, எல்லா இடத்திலும் நாங்கள் எல்லோரும் ஒன்றாக நிற்போம். அங்கே ஒரு சொல் தவறி விழுந்தால் அது நேராக வந்து சேரும் இடம் என் வீடுதான். ஆபீஸ் அக்காவுக்கு என் சொந்தக்காரர் ஒருவரையும் தெரியாது. அவர் ஒருவேளை வாய் தவறினாலும் அந்த வார்த்தை வந்து விழ என் பக்கத்தில் இடமில்லை. முதல் முறை சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்: உங்கள் சொந்தபந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும், நம்பிக்கையான ஒருவரைத் தேடுங்கள். ரயில் சிநேகிதம் போல முன்பின் தெரியாதவர் வேண்டாம். தெரிந்தவர்தான் வேண்டும், ஆனால் வேறு வட்டம்.

அவர் அடுத்தவர் கதையை உங்களிடம் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். “யார்கிட்டயும் சொல்லாத, உன்கிட்ட மட்டும் சொல்றேன்” என்று இன்னொருத்தியின் விவாகரத்தை உங்களிடம் சொன்னவர், உங்களுடையதையும் இதே வாக்கியத்தோடு வேறொரு வாசலில் இறக்கி வைப்பார். அந்த ஆபீஸ் அக்காவோடு ஆறு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவில் ஒருவர் குடிப்பழக்கத்தை விடச் சிகிச்சை எடுத்தது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது, அந்த மனிதரே எங்களிடம் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கமுக்கமான ஆள் என்று எங்கள் பக்கம் சொல்வார்களே, அப்படி.

கலகலப்பாகப் பழகுவதும் பண்பாகப் பேசுவதும் வேறு, பாரம் தாங்குவது வேறு. ஸ்லேப்பியனும் ஜேம்ஸ் கிர்பியும் 2018-இல் மக்கள் யாரைத் தேடிப்போய் ரகசியம் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். இரக்கமும் துணிவும் உள்ளவர்களிடம் அதிகம் சொல்கிறார்கள் என்று வந்தது. கலகலப்பும் மரியாதைப் பேச்சும் அந்த அளவுக்கு ஆளை இழுக்கவில்லை. துணிவு எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. யோசித்தால் சரிதான். “அழாத, எல்லாம் சரியாயிரும்” என்று சொல்ல இரக்கம் போதும். “நீ ஒரு டாக்டரைப் பாக்கணும், நான் கூட வர்றேன்” என்று சொல்லத் துணிவு வேண்டும்.

இன்னும் சிலரைத் தவிர்க்க வேண்டும். உங்கள் சம்பளத்தையோ வாடகை வீட்டையோ கையில் வைத்திருப்பவர், அதாவது மேலதிகாரி, வீட்டுக்காரர். நீங்கள் சொல்வதைக் கேட்டாலே உடைந்துபோகக்கூடியவர். நீங்கள் வணங்கும் அளவுக்கு உயரத்தில் வைத்திருப்பவரும் வேண்டாம், அவர் முகம் சுளித்தால் உங்களால் தாங்க முடியாது.

பிறகு, சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். பெரிய சேதம் வராத, ஆனால் உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமான ஒன்று. நான், “ராத்திரி சரியாவே தூங்குறதில்லக்கா” என்று மட்டும் சொன்னேன். இரண்டு வாரம் பொறுங்கள். அது திரும்பி வருகிறதா என்பதோடு, அவர் அதை எப்படி வாங்கிக்கொண்டார் என்பதையும் கவனியுங்கள். அக்கா கைவைத்தியம் எதையும் சொல்லவில்லை. “எத்தன நாளா?” என்று கேட்டார். மறுநாள் எதுவும் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, “தூக்கம் எப்படி இருக்கு?” என்றார். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

சங்க அகப்பாடல்களில் தோழிக்கு இருக்கும் இடத்தை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தலைவியின் களவுக் காதல் முதலில் தெரிந்திருப்பது தோழிக்குத்தான். காலம் வரும்போது அவள் வளர்ப்புத் தாயான செவிலிக்குச் சொல்வாள், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். ரகசியம் அங்கேயும் கைமாறத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு கையும், யாருக்கு, எப்போது, எந்த வார்த்தையில் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு நல்லது நடக்கும் என்று பார்த்துத்தான் கொடுக்கிறது. அப்படி ஒரு தோழி கிடைப்பது பெரிய கொடுப்பினை.

4. இடமும் நேரமும்

முகத்துக்கு முகம் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சினிமாவைப் பார்த்து நினைத்துக்கொள்கிறோம். பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் கஷ்டம். பக்கத்தில் பக்கத்தில் இருந்து சொல்வது எளிது. நடக்கும்போது, பஸ்ஸில் ஒரே சீட்டில் இருக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவும்போது, துணி மடிக்கும்போது. கைக்கு வேலையும் கண்ணுக்கு வேறு திசையும் இருந்தால், வாய் தானாகத் திறக்கிறது. தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் ஏராளமானோர் நடப்பார்கள். அவரவர் பேச்சு அவரவர்க்கு. நடுவில் மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே என் கதையைச் சொல்லி முடித்தேன், அக்கா முகத்தை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை.

விசேஷ வீடு, குடித்திருக்கும் நேரம், சண்டை முடிந்த சூடு, அவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓடிக்கொண்டிருக்கும் நேரம், இவையெல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரமாவது இருவருக்கும் அவசரம் இல்லாமல் இருக்கட்டும்.

போனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேரில் முடியாவிட்டால் குரல் அழைப்பு பரவாயில்லை. எடுத்தவுடன், “பக்கத்துல யாராவது இருக்காங்களா, ஸ்பீக்கர்ல இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், அவர் அதைச் சமையலறையில் சத்தமாகப் போட்டுக் கேட்கலாம். தானாக மறையும் செய்தியாக வைத்தாலும், அதற்குள் படம் எடுத்து வைத்துக்கொள்ள யாராலும் முடியும்.

5. சொல்வதற்கு முன்னால் மூன்று வாக்கியம்

முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இருந்த வித்தியாசத்தில் பாதி இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலில் அனுமதி. “அக்கா, மனசுல ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு. கொஞ்சம் கனமான விஷயம். இன்னைக்குக் கேக்கிற நிலைமையில இருக்கீங்களா?” சுவருக்கே கனத்தது என்றால் மனிதருக்குக் கனக்காதா? அவர் வீட்டில் அன்று என்ன நடந்ததோ நமக்குத் தெரியாது. இன்னொரு நாள் என்று சொன்னால் அது மறுப்பு இல்லை.

அடுத்தது, என்ன வேண்டும் என்பது. “எனக்கு யோசனை ஒண்ணும் வேணாம், கேட்டா மட்டும் போதும்” என்றோ, “என்ன பண்றதுன்னு தெரியல, உங்க யோசனை வேணும்” என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நம் ஊரில் பாசம் உள்ளவர்கள் உடனே பரிகாரத்தில் இறங்கிவிடுவார்கள். இந்தக் கோயில், அந்த டாக்டர், என் நாத்தனாருக்கு இப்படித்தான் இருந்தது என்று. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் பாதி வாக்கியத்தில் நம் வாய் அடைத்துவிடும்.

மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது: எல்லை. “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றால் போதாது. கல்யாணமானவர்கள் பலருக்கு கணவனிடமோ மனைவியிடமோ சொல்வது சொன்ன கணக்கிலேயே வராது. சிலருக்கு அம்மாவிடம் சொல்வது அப்படி. அதனால் பெயர் சொல்லியே கேளுங்கள். “உங்க வீட்டு சார்கிட்டகூட இப்போ சொல்ல வேணாம்க்கா, முடியுமா?” முடியாது என்று அவர் சொன்னால் அது நல்ல பதில், நேர்மையான பதில். எவ்வளவு சொல்வது என்று அதற்கேற்ப நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

6. சொல்லும்போது

கனமான வாக்கியத்தை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் கேட்பவர் பயந்துபோவார், யாரோ இறந்துவிட்டதாகக்கூட நினைப்பார். வாக்கியத்தை முன்பே தயார் செய்து, தனியாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். என்னுடையது: “எங்களுக்கு நாலு வருஷமா குழந்தைக்கு வைத்தியம் நடக்குது, ரெண்டு தடவ தோத்துப்போச்சு, எனக்கு எல்லார் மேலயும் கோபம் கோபமா வருது.” சொன்ன பிறகு மைய மண்டபம் கண்ணுக்கு மங்கலாகிவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் நிறுத்த வேண்டும்போல இருந்தால், “மிச்சத்த இன்னொரு நாள் சொல்றேன்” என்று நிறுத்துங்கள். அழுகை வந்தால் வரட்டும். அவர் பேசாமல் இருந்தால் உடனே எதையாவது சொல்லி அந்த அமைதியை நிரப்பாதீர்கள், அவர் தாங்கிக்கொள்ள நேரம் எடுக்கிறார்.

அவர் தவறாக ஏதாவது சொல்லிவிட்டால்? “இதுக்கா இவ்ளோ கவலை” என்றோ, “நீ அப்பவே யோசிச்சிருக்கணும்” என்றோ வரலாம். முதல் வாக்கியத்தை வைத்து ஆளைத் தள்ளிவிடாதீர்கள், அதிர்ச்சியில் பலருக்கும் தப்பான வார்த்தைதான் முதலில் வரும். “இப்ப எனக்கு அது உதவாதுக்கா, கேளுங்க போதும்” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மறுபடியும் அதே தொனி என்றால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டு எழுந்துவிடலாம். சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. அந்த ஆள் சரியில்லை, அவ்வளவுதான்.

7. மறுநாள்

மறுநாள் காலையில் ஒரு பயம் வரும். ஏன் சொன்னோம், அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார், முகத்தில் எப்படி முழிப்பது என்று. இது அநேகமாக எல்லோருக்கும் வரும் என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கிறேன். நான் அன்று லீவு போட நினைத்தேன். போடாமல் போனதுதான் நல்லதாயிற்று. அக்கா வழக்கம்போல டீ குடிக்கக் கூப்பிட்டார், பையனின் கணக்கு மார்க்கைப் பற்றிப் பேசினார். ஒளிந்துகொள்ளாதீர்கள். “நேத்து கேட்டதுக்கு நன்றிக்கா, மனசு லேசா இருக்கு” என்று ஒரு வரி சொல்லுங்கள். அவர் ராத்திரி முழுக்க உங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கலாம், அவருக்கும் அது ஆறுதல்.

அதற்குப் பிறகு சந்திக்கும் போதெல்லாம் அதையே பேசாதீர்கள். அவர் வீட்டைப் பற்றியும் கேளுங்கள். ஐந்தாறு மாதம் கழித்து, அதே தெப்பக்குளத்தில் அக்கா தன்னுடையது ஒன்றைச் சொன்னார். அது இங்கே எழுதுவதற்கில்லை.

8. ஒரு தோழியால் மட்டும் தாங்க முடியாதவை

சில விஷயங்களுக்கு நண்பர் முதல் படி மட்டுமே. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போனால், வீட்டில் அடி உதை என்றால், கூடவே பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது, நாள் முழுதும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் ஸ்நேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் இயங்குகிறது, எண் 044-24640050. வீட்டு வன்முறை என்றால் பெண்களுக்கான 181. நேரில் வேண்டுமானால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

மனநல டாக்டரிடம் சொன்னால் வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாகவே எழுதியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு. தற்கொலைக்கு முயன்றதைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயமும் உண்டு. அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் ஒரு வழி. அங்கே கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல குருவானவருக்குத் திருச்சபைச் சட்டம் அனுமதி தருவதில்லை.

ஒரே ஒரு ரகசியத்தைக் காப்பதாக யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உங்களிடம் ஒரு பிள்ளை, “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?” என்று ஆரம்பித்தால், “உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. ரகசியம் கசிந்துவிட்டால்

முதலில் அடுத்து யார் காதுக்குப் போனால் சேதம் என்று பாருங்கள். அவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், சுருக்கமாக. ஊர்க்கதையாகக் கேட்பதைவிட உங்கள் வாயால் கேட்பது அவர்களுக்கும் உங்களுக்கும் நல்லது. நான் அந்த வளைகாப்பிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். மறுநாள் அவர் வேறு யார் மூலமாவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். “அதப் பத்திப் பேச இப்ப எனக்கு மனசில்ல பெரியம்மா.” இதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஓய்ந்துவிடுகிறார்கள்.

கசியவிட்டவரிடம் பேசுவதா வேண்டாமா என்பது அவரவர் மனநிலை. சூடு ஆறாமல் போக வேண்டாம். நான் எட்டு மாதம் சித்தி மகளோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கீரை உருவிக்கொண்டிருந்தாள், நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று வளையல் தட்டுக்கு முன்னால் எனக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொன்னேன். ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை. அவள் தலை நிமிரவே இல்லை. “அம்மாகிட்ட மட்டும்தான்டி சொன்னேன். அம்மாகிட்டச் சொல்றதும் சொல்றதுதான்னு எனக்கு அப்பத் தோணல” என்றாள். தட்டு நிறையும் வரை இரண்டு பேரும் கீரை உருவினோம்.